யாரும் இல்லீங்க

1

என் வீட்டில் யாரும் வசிப்பதில்லை என்று இந்த ஊர் நகராட்சி எனக்குக் கடிதம் எழுதியிருக்கிறது. அந்த வீட்டு வாசலில் நின்றுதான் கடிதத்தைப் பிரித்தேன். குளிருக்குப் போட்ட கோட்டைக்கூட இன்னும் கழற்றவில்லை.

ஊரில் இருப்பவர்களுக்கு இது விளங்காது, அதனால் சொல்லிவிடுகிறேன். கனடாவில் நான் இருக்கும் நகரத்தில் சொந்த வீடு வைத்திருப்பவர்கள் வருடத்துக்கு ஒருமுறை 'இந்த வீட்டில் ஆள் இருக்கிறது' என்று நகராட்சிக்கு அறிவிக்க வேண்டும். அறிவிக்காவிட்டால் வீடு காலி என்று அவர்களாகவே எழுதிக்கொள்வார்கள். காலி வீட்டுக்குத் தனி வரி உண்டு. குடியிருக்க இடம் கிடைக்காமல் ஜனங்கள் அல்லாடும் ஊரில் வசதியுள்ளவர்கள் வீட்டை வாங்கிப் பூட்டி வைக்கக் கூடாது என்று கொண்டுவந்த சீர்திருத்தம். நல்ல எண்ணம்தான், குறை சொல்ல மாட்டேன். நல்ல எண்ணத்தில் ஒரு வரிச் சீர்திருத்தத்துக்கு நானே ஒருகாலத்தில் கை கொடுத்திருக்கிறேன்.

வருடா வருடம் இந்த அறிவிப்பை என் மனைவிதான் செய்வாள். அவள் இறந்து, வருகிற மாதத்தோடு ஒரு வருடம் ஆகிறது. எனக்கு அப்படி ஒரு வேலை இருப்பதே மறந்துபோயிற்று. வேறொரு மாகாணத்தில் இருக்கும் மகள் நித்யாவுக்குப் போன் செய்தேன்.

"அப்பா, இட்ஸ் ஸோ சிம்பிள். ஆன்லைன்ல ஒரு கிளிக்தான். அம்மா எவ்ரி இயர் பண்ணுவாங்களே."

"அம்மா இல்லியேம்மா."

பிறகு, "ஆனிவர்சரிக்கு வர ட்ரை பண்றேன்ப்பா" என்றாள்.

அம்மாவின் வருஷ திதியை அவள் ஆனிவர்சரி என்று சொல்லும்போது ஏதோ கேக் வெட்டப் போகிறோம் என்று தோன்றுகிறது. திருத்தலாம். திருத்தினால் போன் செய்வதைக் குறைத்துக்கொள்வாளோ என்று பயமாக இருக்கிறது. 'நான் பண்ணிடவா' என்று அவள் கேட்டதற்கு, வேண்டாம், நேரில் போய்ச் சொல்லிவிட்டு வருகிறேன் என்றேன். எப்படியும் பகலில் எனக்கு வேறு வேலை கிடையாது.

கடிதத்தைச் சாப்பாட்டு மேசையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். காலி என்ற அந்தச் சொல்லை ஒருகாலத்தில் என் கையாலேயே ஒரு வீட்டுக்கு எதிரே எழுதியிருக்கிறேன். அதை இத்தனை வருடம் யாரிடமும் சொன்னதில்லை, மனைவியிடம்கூட.

2

எண்பதுகளில் திண்டிவனத்துக்கும் மயிலத்துக்கும் நடுவிலிருந்த ஒரு சின்னப் பேரூராட்சியில் தற்காலிக எழுத்தராக இருந்தேன். ஊர்ப் பெயரைச் சொல்லப் போவதில்லை, சம்பந்தப்பட்டவர்களின் பிள்ளைகள் அங்கே இருப்பார்கள். எனக்குச் சொந்த ஊர் பெருமுக்கல் பக்கம். சைக்கிளைத் திண்டிவனத்தில் ஒரு கடையோரம் போட்டுவிட்டு மயிலம் பஸ்ஸில் ஏறுவேன். பி.காம். படித்த கர்வம் தலையில் கனத்துக்கொண்டிருந்த வயது.

ஒருநாள் அரசாங்கத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. வீட்டு வரியைச் சீர்திருத்தப் போகிறார்களாம், அதற்கு உள்ளாட்சிகளின் கருத்து வேண்டுமாம். வாடகை மதிப்பைப் பார்த்து வரி போடலாமா, கட்டடத்தின் அளவைப் பார்த்துப் போடலாமா, ஆள் இல்லாத வீட்டுக்குத் தரும் சலுகையைத் தொடரலாமா என்று வரிசையாகக் கேள்விகள். எங்கள் செயல் அலுவலர் அதை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு என் மேசையில் போட்டார்.

"ஆட்சேபணை இல்லைன்னு ஒரு வரி எழுதி அனுப்பிடுய்யா. நம்ம கருத்தைக் கேட்டுக்கினா அவன் சட்டம் போடப் போறான்?"

நான் விடவில்லை. ஒரு வார்டு முழுக்க வீடு வீடாகப் போய் விசாரித்துப் புள்ளிவிவரத்தோடு பதில் எழுதலாம் என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஆசைப்படற, பண்ணிக்க" என்றார்.

அந்த ஆபீசில் முனுசாமி அண்ணன் என்று ஒரு பில் கலெக்டர் இருந்தார். இருபது வருடமாக அதே தெருக்களில் வரி வசூல் செய்தவர். எந்த வீட்டில் யார் இருக்கிறார்கள், யார் செத்தார்கள், யார் மருமகளோடு சண்டை போட்டுக்கொண்டு தனியே பொங்குகிறார்கள் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். பதிவேட்டில் இருந்த பாதி விவரம் அவர் வாயால் சொன்னதுதான். எனக்கு அது பொறுக்கவில்லை. சுற்றறிக்கைக்கு நான் எழுதிய பதிலின் முதல் பத்தி இன்னும் எனக்கு நினைவிருக்கிறது: 'தனியொரு ஊழியரின் ஞாபகத்தை நம்பி வரி விதிப்பது முறையன்று. நேரடி விசாரணையின் மூலம் ஒவ்வொரு வீடும் குடியிருப்பு, வாடகை, காலி என வகைப்படுத்தப்பட வேண்டும்.'

அதனாலேயே விசாரணைக்கு அவரை அழைத்துப் போகவில்லை. அவர் கூட வந்தால் பழைய கதையே எழுத நேரும் என்று நினைத்தேன். அவர் வருத்தப்பட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

"போய்ட்டு வா தம்பி. வெயில்ல தலைக்குத் துண்டு போட்டுக்கினு போ" என்றார்.

3

அது மல்லாட்டை (நிலக்கடலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம்) பிடுங்கி முடித்த சமயம். தெருவெங்கும் மண் வாசனையோடு காய் காய்ந்துகொண்டிருந்தது. நான் போன கடைசித் தெருவில் பதினேழாம் எண் வீடு ஓட்டு வீடு. வாசல் நடைவரைக்கும் மல்லாட்டை குவிந்து கிடக்க, நாலைந்து பெண்கள் குந்தி உட்கார்ந்து தோல் உரித்துக்கொண்டிருந்தார்கள். நான் அட்டையில் படிவத்தைச் செருகிக்கொண்டு நின்றேன். மயிலம் பஸ் வருவதற்குக் கொஞ்ச நேரம்தான் இருந்தது.

"வீட்ல யாரும்மா இருக்கிறது?"

அந்தப் பெண்களில் ஒருவர் எழுந்து முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டார். நாற்பத்தைந்து வயதிருக்கும். நெற்றியில் ஒன்றுமில்லை.

"யாரும் இல்லீங்க."

"எப்ப வருவாங்க?"

"இனிமே யாருங்க வரப் போறாங்க?"

"அப்ப இங்க மல்லாட்டைதான் போட்டு வச்சிக்கினு இருக்காங்களா?"

"ஆமாங்க. செட்டியாரு மூட்டை அனுப்புவாரு. இங்கதான் உரிக்கிறது."

அவ்வளவுதான் விசாரணை. அவரைக் கூலிக்கு உரிக்க வந்தவர் என்றும் வீட்டை வியாபாரியின் கிடங்கு என்றும் நினைத்துவிட்டேன். 'குடியிருப்பவர்' என்ற கட்டத்தில் ஒரு கோடு இழுத்தேன். வகை என்ற கட்டத்தில் 'காலி' என்று எழுதினேன். எழுத்து அழகாக இருக்க வேண்டும் என்று 'ழி', 'லி' எல்லாம் சுழித்துச் சுழித்து எழுதுகிற பழக்கம் அப்போது எனக்கு.

"தண்ணி குடிக்கிறீங்களா தம்பி? வெயிலா இருக்குது" என்று அவர் கேட்டார். பஸ் போய்விடும் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். தண்ணீர் கொண்டுவர அவர் உள்ளே போயிருந்தால் அடுப்பும் பாயும் கொடியில் புடவையும் என் கண்ணில் பட்டிருக்கும்.

அறிக்கை போயிற்று. மேலிடத்திலிருந்து பாராட்டி இரண்டு வரி வந்ததாகச் செயல் அலுவலர் சொன்னார். பதிவேட்டையும் என் கணக்கெடுப்பின்படியே புதிதாக எழுதினோம்.

4

ஏழெட்டு மாதம் கழித்து அந்த அம்மாள் ஆபீசுக்கு வந்தார். கையில் ஒரு மஞ்சள் பை. அன்றைக்குத்தான் அவர் பெயர் சரோஜா என்று எனக்குத் தெரிந்தது, மனுவில் எழுதியிருந்தது.

விஷயம் இதுதான். வீடு அவருடைய மாமனார் பேரில் இருந்தது. மாமனாருக்கு இரண்டு பிள்ளைகள். நிலம் சின்னவனுக்கு, வீடு பெரியவனுக்கு என்று வாயால் பாகம் பிரித்துவிட்டுப் போய்விட்டார், எழுத்தில் ஒன்றும் கிடையாது. பெரியவர்தான் இந்த அம்மாளின் புருஷன். அவரும் காய்ச்சலில் போய்விட்டார், பிள்ளை இல்லை. இவர் அந்த வீட்டில் இருக்கிறார் என்பதொன்றே இவருக்கு இருந்த பத்திரம். கொழுந்தனார் அதைத் தெரிந்துகொண்டு எங்கள் ஆபீசில் பதிவேட்டு நகல் வாங்கியிருக்கிறார். அதில் 'காலி'. 'அண்ணி எப்பவோ வீட்டை விட்டுப் போய்விட்டார், வீடு சும்மா கிடக்கிறது, நான்தான் பார்த்துக்கொள்கிறேன்' என்று எழுதிக் கொடுத்து வரியைத் தன் பேருக்கு மாற்றிக்கொண்டு, விழுப்புரத்தில் கேஸும் போட்டுவிட்டார்.

"நான் எங்கயும் போவலீங்க தம்பி. கல்யாணமாகி வந்த நாள்லேர்ந்து அங்கதான் குந்திக்கினு இருக்கறேன். நீங்களே வந்து பாத்தீங்களே. தண்ணி வேணுமான்னு கேட்டேனே."

"நீங்கதான யாரும் இல்லன்னு சொன்னீங்க" என்றேன். எத்தனை கேவலமான பதில் என்று அப்போதே தெரிந்தது.

அவர் கோபப்படவில்லை. புரியாமல் என்னைப் பார்த்தார். "ஆம்பள யாரும் இல்லன்னுதானுங்க சொன்னேன்."

மூலையில் ரசீதுப் புத்தகத்தைத் தைத்துக்கொண்டிருந்த முனுசாமி அண்ணன் தலை நிமிரவில்லை. அந்த அம்மாள் போன பிறகுதான் பேசினார்.

"நம்ம பக்கம் எந்தப் பொம்பளையக் கேட்டாலும் யாரும் இல்லன்னுதான் தம்பி சொல்லும். கோயில் திருவிழாவுக்குக் குடும்பத்துக்கு ஒரு ஆம்பளன்னு தலைக்கட்டு வரிக்கு எண்ணறாங்களே, அதுல தாலி அறுத்தவ வீட்ட விட்டுட்டுத்தான எண்ணறான்? ஊரே எண்ணலன்னா அது தன்ன எப்படி எண்ணிக்கும்? யாரும் இல்லன்னு சொல்றதுக்கு அங்க ஒரு ஆளு நிக்குதில்ல, அதுகிட்ட ஒரு சொம்பு தண்ணி வாங்கிக் குடிக்கணும். குடிச்சிக்கினே மீதியக் கேக்கணும்."

இருபது வருட உத்தியோகத்தை அவர் அந்தச் சொம்புத் தண்ணீரில்தான் நடத்தியிருக்கிறார். அதைத்தான் நான் முறையன்று என்று எழுதி அனுப்பினேன்.

செயல் அலுவலரிடம் போய், பதிவைத் திருத்திவிடலாம் என்றேன். அவர் கதவைச் சாத்தச் சொன்னார்.

"ஒண்ணத் திருத்தினா மீதி வீட்டையெல்லாம் எவன் நம்புவான்? பேஜாரு புடிச்ச வேலைன்னு அப்பவே சொன்னேன், கேட்டியா? நீ வேணா கோர்ட்டுல போய் நான் தப்பா எழுதிட்டேன்னு சொல்லு. உனுக்கு மெமோ வரும். மெமோ நிலுவையில இருக்கறவனுக்கு நான் தடையில்லாச் சான்று குடுக்க முடியாது. பாஸ்போர்ட்டு எழுதிப் போட்டுக்கினு இருக்கறியே, யோசிச்சிக்க."

எனக்கு அப்போது மஸ்கட்டில் ஒரு வேலை கூடி வந்திருந்தது. வீட்டில் இரண்டு தங்கைகள். இதைச் சாக்காகச் சொல்லவில்லை, அன்றைக்கு என் தலையில் ஓடியது அதுதான் என்பதற்காகச் சொல்கிறேன். அந்தச் சான்று ஒரு தாள். அந்த அம்மாளுக்கு வேண்டியிருந்ததும் ஒரு தாள்தான். இரண்டும் ஒரே மேசையில் இருந்தன.

சரோஜா அம்மாள் மறுபடி வந்தார். கேஸ் தேதியைச் சொன்னார். "நீங்க வந்து, நான் பாத்தேன், அந்தப் பொம்பள அங்கதான் இருந்திச்சின்னு ஒரு வார்த்தை சொன்னா போதும்னு வக்கீலு சொல்றாருங்க தம்பி. வந்துடுவீங்கல்ல?"

"வர்றேம்மா" என்றேன்.

5

போனேன். அதுதான் இன்னும் மோசம். போகாமல் இருந்திருந்தால் மறந்துவிட்டேன் என்றாவது எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கலாம்.

திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்கு முதல் பஸ்ஸில் வந்து, கோர்ட்டுக்கு எதிரே ஒரு டீக்கடையில் நின்றேன். சரோஜா அம்மாள் ஏற்கெனவே வந்திருந்தார். வேலியோரம் அதே மஞ்சள் பையை மார்போடு அணைத்துக்கொண்டு, ஒவ்வொரு பஸ் வந்து நிற்கும்போதும் இறங்குகிறவர்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். முனுசாமி அண்ணன் கூட இருந்தார், ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டு வந்திருக்கிறார். சாலையைக் கடந்தால் இருபது அடிகூட இருக்காது.

நான் இரண்டு டீ குடித்தேன். கடைக்காரர் "இன்னும் ஒண்ணு போடவா சார்?" என்று கேட்டபோது வேண்டாம் என்று காசைக் கொடுத்துவிட்டு, கடைக்குப் பின்பக்கமாக நடந்து பஸ் ஏறிவிட்டேன். நான் நழுவிப் போனதை யாரும் பார்க்கவில்லை. அப்படிப் போன என் முதுகை நான் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறேன்.

நடந்ததை முனுசாமி அண்ணன் பிறகு சொன்னார். அவர் உள்ளே போய்ச் சாட்சி சொல்லியிருக்கிறார். எதிர் வக்கீல் நகலைக் காட்டி, 'உங்கள் ஆபீஸ் பதிவேடே காலி என்கிறதே, நீங்கள் சொல்வதற்கு என்ன ஆதாரம்' என்று கேட்டாராம். 'எனக்குத் தெரியும்' என்றாராம் இவர். அப்புறம் அந்த அம்மாளின் வக்கீலே, எழுதினவர் வரவில்லை, இழுத்துக்கொண்டு போனால் உன்னால் தாங்க முடியாது, ராஜியாகப் போய்விடு என்று சொல்ல, அந்த அம்மாளும் கொஞ்சம் பணத்தை வாங்கிக்கொண்டு கைநாட்டு வைத்துவிட்டார்.

"கடைசி வரிக்கும் உன்ன ஒரு வார்த்தை சொல்லல தம்பி. பஸ்ஸு கெடச்சிருக்காது பாவம், அந்தத் தம்பி பெருமுக்கல்லேர்ந்து வரணுமேன்னுச்சு."

அந்த அம்மாள் என்னைத் திட்டியிருந்தால் நான் இதையெல்லாம் எழுதிக்கொண்டிருக்க மாட்டேனோ என்னவோ.

பொம்மையார்பாளையத்தில் தங்கை முறையான ஒருத்தி வீட்டுக்கு அவர் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். அங்கே கடற்கரை ஓரமாக வெளியூர்க்காரர்கள் தங்கும் விடுதியில் பாத்திரம் கழுவுகிறார் என்றார்கள். கொழுந்தனார் அந்த வீட்டில் குடியேறவுமில்லை, வாடகைக்கு விடவுமில்லை. பூட்டிப் போட்டார். நான் மஸ்கட்டுக்குக் கிளம்பும் வாரம் அந்தத் தெரு வழியாக ஒருமுறை போனேன். பதினேழாம் எண் கதவில் பெரிய பூட்டு. நான் முன்னதாகவே எழுதி வைத்தது அப்போது உண்மையாகியிருந்தது.

6

நேற்று இந்த ஊர் நகராட்சி ஆபீசுக்குப் போனேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நித்யா வயதில் ஒரு பெண். கடிதத்தை வாங்கிப் பார்த்தாள், சிரித்தாள், கணினியில் என் வீட்டை எடுத்தாள். பிறகு கேட்டாள், அந்த வீட்டில் இப்போது யாராவது வசிக்கிறார்களா என்று.

நாற்பது வருடம் இங்கிலீஷ் பேசிய வாய். இருந்தும் அந்தக் கேள்வி எனக்குள்ளே தமிழாகித்தான் போயிற்று. மனைவி இல்லை, மகள் இல்லை. "நோபடி" என்றேன்.

அவள் தலையை ஆட்டிவிட்டு விசைப்பலகையில் கை வைத்தாள். அந்த விரலைப் பார்த்ததும் "இல்லை, இல்லை, நிறுத்துங்கள்" என்று சத்தம் போட்டேன். வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"அப்படியானால் நீங்கள் எங்கே வசிக்கிறீர்கள் சார்?" என்று அவள் மெதுவாகக் கேட்டாள்.

"அங்கேதான். நான் இருக்கிறேன்."

ஓட்டுநர் அட்டையையும் மின்சார பில்லையும் கேட்டாள். கொடுத்தேன். என்னிடம் எல்லாத் தாளும் இருக்கின்றன, அந்த விஷயத்தில் நான் என்றைக்கும் கெட்டிக்காரன். ஐந்து நிமிடத்தில் காலி என்பதை அழித்து, குடியிருப்பு என்று மாற்றினாள். உங்களுக்குச் சிரமம் கொடுத்துவிட்டோம் என்று மன்னிப்பும் கேட்டாள். ஐந்தே நிமிடம். அதைத்தான் என்னால் தாங்கிக்கொள்ள முடியவில்லை. அவள் முன்னாலேயே அழுதுவிட்டேன். மனைவியை நினைத்து அழுகிறேன் என்று அவள் எண்ணியிருப்பாள். கண்ணாடிக்குக் கீழே இருந்த சந்து வழியாகக் காகிதக் கைக்குட்டையை நீட்டினாள்.

சாயங்காலம் நித்யா போன் செய்தாள். "ஃபிக்ஸ் ஆயிடுச்சாப்பா?" என்றாள். ஆகிவிட்டது என்றேன். சரோஜா அம்மாளைப் பற்றி அவளிடம் சொல்ல வேண்டும்போல இருந்தது. எங்கிருந்து தொடங்குவது? தலைக்கட்டு என்பதிலிருந்தா, மல்லாட்டையிலிருந்தா? அவளுக்கு மீட்டிங் இருந்தது. வைத்துவிட்டாள்.

சரோஜா அம்மாள் இப்போது இருந்தால் எண்பதைத் தாண்டியிருப்பார். இல்லாமலும் இருக்கலாம். முனுசாமி அண்ணன் போய்ப் பல வருடமாயிற்று. அந்தப் பதிவேட்டைச் செல் அரித்திருக்கும். யாருக்கும் இனி இது வேண்டியதில்லை என்று தெரிந்தும் இன்று காலை ஒரு வெள்ளைத் தாள் எடுத்து, கோர்ட்டில் சொல்லியிருக்க வேண்டியதை எழுதினேன். எழுத்து இப்போது அழகாக வருவதில்லை. அனுப்ப முகவரி இல்லாததால் அந்தப் பக்கத்துக்காரர்கள் படிக்கக்கூடும் என்று இங்கே சேர்க்கிறேன்.

'கதவு எண் பதினேழு. ஓட்டு வீடு. வகை: குடியிருப்பு. குடியிருப்பவர்: சரோஜா. நான் நேரில் சென்று விசாரித்தபோது அவர் வீட்டில் இருந்தார். குடிக்கத் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். நான் வாங்கிக் குடிக்கவில்லை.'